நாங்கள் இருவருமே போதகர்கள். எங்கள் வருடம் எங்கே போனது?

கேள்வி:

நானும் என் கணவரும் குருப்பட்டம் பெற்ற போதகர்கள். திருமணமாகி 17 வருடம் ஆகிறது. இவர் ஒரு சபையில், நான் பக்கத்துச் சபையில். இவர் சபை போதகருக்குத் தரும் வீடான குருமனையில் குடியிருக்கிறோம். என் சபையின் வீடு பூட்டிக் கிடக்கிறது. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. இவருடைய அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். எனக்குத் திங்கள் ஓய்வு, இவருக்கு வியாழன்.

ஒவ்வொரு டிசம்பரிலும் உறவினர்களுக்கும் பழைய நண்பர்களுக்கும், அந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புவோம். இந்த முறை இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எல்லாமே சபைச் செய்தி. இவர் ஆலயத்துக்குக் கூரை மாற்றியது, என் சபையில் ஞாயிறு பள்ளி மறுபடி தொடங்கியது, இரண்டு இடத்திலும் சேர்த்து எத்தனை அடக்க ஆராதனை என்று. பிள்ளைகளைப் பற்றி இரண்டு வரி. எங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை.

மகன் நாலு மாதமாக எந்த ஆலயத்துக்கும் வருவதில்லை. அவன் கணக்குத் தேர்வில் தோற்றதை இவர் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரி சந்திப்புக்குப் போன இடத்தில் இவருக்குத் தலைசுற்றி, அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். இதை எனக்குச் சொன்னது அவர் சபைச் செயலாளரின் மனைவி, அதுவும் இரண்டு மாதம் கழித்து. கேட்டால், “உனக்கு அந்த வாரம் ஏழு ஆராதனை இருந்தது, எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன்” என்கிறார். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட நேரமில்லை என்று சொன்னாலும் சரிதான். என் அக்கா, “உங்களில் ஒருத்தர் வேலையை விடுங்கள்” என்கிறாள். ஒருத்தர் என்று அவள் சொல்வது என்னைத்தான். விட்டுவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தத் தலைசுற்றல். மற்றதெல்லாம் அப்புறம். உங்கள் கணவர் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, காதின் உட்பகுதிக் கோளாறு, இதயத் துடிப்பில் மாற்றம், காலையிலிருந்து சாப்பிடாமல் ஓடியது என்று தலைசுற்றலுக்குக் காரணம் பல. எது என்று வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. ஒரு முறைதான் வந்தது என்று அவர் சொல்வார். உங்கள் காதுக்கு வந்தது ஒரு முறை, அவ்வளவுதான் நிச்சயம். நீங்களும் கூடவே போங்கள். தனியாகப் போனால் “கொஞ்சம் வேலை அதிகம், டாக்டர்” என்று சிரித்துவிட்டு மருந்துச் சீட்டோடு திரும்பிவிடுவார். நீங்கள் பக்கத்தில் இருந்தால்தான் எத்தனை மணிக்குப் படுக்கிறார், மதியச் சாப்பாட்டை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் மருத்துவர் காதில் விழும்.

இப்போது உங்கள் கேள்வி. வேலையை விடலாமா? இப்போது வேண்டாம். விடுவது தப்பு என்று சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து அதுதான் சரி என்று உங்கள் இருவருக்குமே படலாம். ஆனால் டிசம்பரிலும் ஈஸ்டருக்கு முந்தைய பாடுகளின் வாரத்திலும் எந்தப் போதகரும் ராஜினாமாக் கடிதம் எழுதக் கூடாது என்பது என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பான விதி. அந்த நாட்களில் உடம்பு கேட்பது தூக்கம். அதை நாம் வேலையை விடச் சொல்வதாக எடுத்துக்கொள்கிறோம்.

அக்கா சொன்ன ‘ஒருத்தர்’ நீங்கள்தான் என்பதை உடனே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். இதே யோசனையை உங்கள் கணவரிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் குருப்பட்டம் பெற்றது அவருக்கு ஒத்தாசை செய்வதற்காக இல்லையே. இரண்டில் ஒன்றைக் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இருவரும் உட்கார்ந்து காகிதத்தில் எழுதிப் பாருங்கள். எந்தச் சபைக்கு மாற்றுப் போதகர் கிடைப்பது சுலபம், யார் உடம்பு என்ன சொல்கிறது, யாருக்கு இந்த வேலை இன்னும் பிடித்திருக்கிறது, முழுநேரத்தைப் பாதிநேரமாக்கிக்கொள்ள எந்தக் கமிட்டி சம்மதிக்கும் என்றெல்லாம் எழுதலாம். பெண் என்பது மட்டும் அந்தக் காகிதத்தில் ஒரு காரணமாக வரக் கூடாது.

நேரமில்லை என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் வருடத்துக்குள் இரண்டு சபைகளின் நாட்காட்டி இருக்கிறது, வீட்டுக்கென்று ஒன்று இல்லை. இரண்டு சபைக்கும் போக மிஞ்சியதை வீட்டுக்கு வைத்திருந்தீர்கள்; ஒன்றும் மிஞ்சவில்லை. ஆண்டுக் கடிதத்தில் வீட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாமல் போனது இதனால்தான்.

போதகர் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘திடீரென்று வந்துவிட்டது’. சாவு திடீரென்று வரும். விபத்து, ஆஸ்பத்திரி, நள்ளிரவில் கதவைத் தட்டும் குடும்பச் சண்டை எல்லாம் அப்படித்தான். ஆனால் உங்களை அலைக்கழிப்பதில் பெரும்பகுதி அப்படி வருவதில்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: மார்ச் 21-இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர் என்பது மேற்கத்திய மரபுச் சபைகளின் பழைய கணக்கு. அந்தப் பௌர்ணமியையும் திருச்சபையின் அட்டவணைப்படிதான் எடுப்பார்கள். அதனால் ஈஸ்டர் மார்ச் 22-க்கு முன்னால் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டாது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள், முன்னோக்கி எண்ணினால் ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே. இன்னும் பத்து வருடத்துக்கான தேதிகளை இன்றைக்கே எழுதி வைத்துவிடலாம்.

2027-ஐ எடுத்துக்கொள்வோம். லெந்து தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 10. ஈஸ்டர் மார்ச் 28. பெந்தெகொஸ்தே மே 16. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறு நவம்பர் 28. அந்த வருடம் கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில் வருகிறது. அதாவது வெள்ளி இரவு ஆராதனை, சனி பண்டிகை, விடிந்தால் ஞாயிறு. அடுத்த வாரமும் அதே கதைதான்: வெள்ளி டிசம்பர் 31 இரவு ஆராதனை, சனி புத்தாண்டு, மறுபடி ஞாயிறு. பத்து நாளில் ஆறு நாள் நீங்கள் இருவரும் ஆலயத்தில், அதுவும் வெவ்வேறு ஆலயத்தில். அந்த ஆறு நாளும் பிள்ளைகள் யாரோடு இருப்பார்கள் என்பதை டிசம்பர் 23-ஆம் தேதி இரவு பேசிக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

இன்னொன்றையும் பாருங்கள். அதே வருடம் பெந்தெகொஸ்தேக்கும் அட்வெந்துக்கும் நடுவே 28 வாரம் இருக்கிறது. திருச்சபை ஆண்டில் பெரும் பண்டிகைகள் இல்லாத நீண்ட காலம் அது. அதை நாம் சும்மா விடுவதில்லை. கன்வென்ஷன், சபை ஆண்டு விழா, வாலிபர் முகாம், கட்டட நிதிக்காக ஒரு விற்பனை, அதற்கு நாலு கமிட்டிக் கூட்டம் என்று வாரத்துக்கு ஒன்றாகச் சொருகிவிடுகிறோம். லெந்தில் ஓடுவதற்கு நியாயம் உண்டு. செப்டம்பரிலும் அதே வேகத்தில் ஓடுவது நாமாகத் தேடிக்கொண்டது.

அதனால் இந்த டிசம்பர் முடிந்ததும், ஜனவரி முதல் வாரத்தில் ஒரு மாலை, இரண்டு சபை டைரியையும் எழுதப்படாத ஒரு டைரியையும் மேசையில் வையுங்கள். பழக்கத்துக்கு மாறாக, வெற்று டைரியை முதலில் நிரப்புங்கள். ஈஸ்டர் திங்களிலிருந்து சனி வரை இருவருக்கும் விடுப்பு என்று எழுதுங்கள். அதற்கு அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு ஓய்வுபெற்ற போதகர் ஒருவரையோ பயிற்சி பெற்ற சபையார் ஒருவரையோ இப்போதே கேட்டுவிடுங்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கூட்டம் குறைவாகத்தான் இருக்கும், பேசுகிறவருக்கும் பதற்றம் இருக்காது. பிறகு பள்ளி விடுமுறை, பிள்ளைகளின் பிறந்த நாள், உங்கள் திருமண நாள், உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ். 25-ஆம் தேதி சபையின் கிறிஸ்துமஸ். அதை வீட்டுக்கும் சேர்த்து இழுத்துப் பார்க்காதீர்கள். உங்களுடையது 27-ஆகவோ 28-ஆகவோ இருக்கட்டும். வருடா வருடம் அதே நாள் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் அந்த நாளுக்குக் காத்திருப்பார்கள். அலுத்துப்போன அப்பா அம்மாவோடு 25 மாலையைக் கழிப்பதைவிட அது எவ்வளவோ மேல். இவ்வளவும் எழுதிய பிறகு சபை டைரிகளைத் திறங்கள். பண்டிகைகள் எப்படியும் தம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வார ஓய்வு விஷயத்தில் நீங்கள் பிடிவாதமாகவே இருக்க வேண்டும். உங்களுக்குத் திங்கள், அவருக்கு வியாழன் என்றால், திங்களன்று நீங்கள் துணி துவைக்கிறீர்கள், வியாழனன்று அவர் கரண்ட் பில் கட்டப் போகிறார். ஒருவர் ஓய்வில் இருக்கும்போது மற்றவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் யாருக்கும் ஓய்வில்லை. இருவருக்கும் ஒரே நாளாக மாற்றுங்கள். அது பள்ளி நாளாக இருந்தால் பகல் உங்கள் இருவருக்கு, மாலை பிள்ளைகளுக்கு. அன்று அடக்கம் வந்தால் போகத்தான் வேண்டும். இழவு வீட்டாரிடம் எங்களுக்கு இன்று ஓய்வு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்பே, அடுத்த பதினைந்து நாளுக்குள் வேறொரு நாளை டைரியில் ஈடுகட்டி எழுதிவிட்டுப் போங்கள். எழுதாமல் போனால் அந்த நாள் போனதுதான்.

உங்கள் கணவர் மறைத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அதுதான், மகன் ஆலயத்துக்கு வராததைவிடவும். அவர் செய்தது துரோகம் இல்லை, இரக்கம்தான். ஊழியத்தில் இருப்பவர்கள் நாள் முழுவதும் பிறர் பாரத்தை வாங்கிக்கொண்டு தன் பாரத்தைக் காட்டாமல் இருக்கப் பழகுகிறார்கள். நல்ல போதகருக்கு அது தேவை. அந்தப் பழக்கம் செருப்போடு வாசலில் நின்றுவிடுவதில்லை. வீட்டுக்குள் வந்து, மனைவியையும் பாதுகாக்க வேண்டிய ஒரு சபையாராக ஆக்கிவிடுகிறது. நீங்களும் அவரிடம் எதையாவது இப்படி வைத்திருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள்.

உங்கள் இருவருக்கும் ஒரு ஒப்பந்தம் சொல்கிறேன். உடம்பு, பணம், பிள்ளைகள், ‘எனக்கு இந்த வேலை வேண்டாம் போலிருக்கிறது’ என்ற எண்ணம். இந்த நான்கில் எது வந்தாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். பெரிய வெள்ளியானாலும் சரி, ஏழு ஆராதனை இருந்தாலும் சரி. “இன்னைக்குத் தலை சுத்துச்சு, இப்போ பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை கழிச்சுப் பேசலாம்” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? மூன்றாம் மனிதர் வாயால் கேட்பதில் இருக்கும் வலி, அந்த நோயைவிடப் பெரிது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பிரசங்கங்களை நீங்கள் இருவரும் படித்திருப்பீர்கள். அவர் மண வாழ்க்கையைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 1751-இல் மேரி என்ற விதவையை மணந்தார். ஓயாத பயணம், கடிதங்கள், சந்தேகங்கள், சண்டைகள், கடைசியில் பிரிவு. 1781 அக்டோபரில் அந்த அம்மா இறந்து அடக்கமும் முடிந்து ஓரிரு நாள் கழித்துத்தான் வெஸ்லிக்குச் செய்தியே தெரிந்தது. உங்கள் வீட்டை அதோடு ஒப்பிடவில்லை. நீங்கள் ஒரே கூரையின் கீழ் அன்போடு இருக்கிறவர்கள். ஆனால் ஒரு வீட்டுச் செய்தி அந்த வீட்டுக்காரருக்கே வெளியார் மூலம் வரும் நிலை, எவ்வளவு பெரிய ஊழியக்காரருக்கும் நேரலாம்.

நீங்கள் இருவரும் பேசுவதே இல்லை என்று நான் நினைக்கவில்லை. நிறையப் பேசுகிறீர்கள்; சபையைப் பற்றி. ஒரே தொழிலில் இருக்கும் தம்பதியருக்கு இது வரும். டாக்டர் தம்பதியரிடமும் பார்த்திருக்கிறேன். சபைப் பேச்சுக்கு வாரத்தில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இருவரும் டைரியோடு உட்கார்ந்து, யார் எந்த மாலை வீட்டில், யார் மகளைக் கூட்டிவருவது, எந்தக் கூட்டத்தை ஒத்திப்போடலாம் என்று அலுவலகக் கூட்டம் மாதிரியே பேசி முடியுங்கள். அது முடிந்த பிறகு சாப்பாட்டு மேசையிலும் படுக்கையறையிலும் பொருளாளரைப் பற்றிப் பேச்சு வரக் கூடாது. முதல் சில வாரம் மௌனமாக இருக்கும். வேறு என்ன பேசுவது என்றே தெரியாது. இருக்கட்டும். அந்த மௌனத்தைத் தாண்டினால்தான் வேறு பேச்சு வரும்.

அப்புறம், ஒருவரிடம் சபையார் தனியாக அறிக்கையிட்டதை மற்றவரிடம் சொல்லாமல் இருப்பதும் மேலே சொன்ன ஒப்பந்தமும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. அடுத்தவர் ரகசியத்தைக் காப்பது உங்கள் தொழில். உங்கள் உடம்பு ரகசியம் இல்லை.

மகன் விஷயம். இதில் உங்கள் கணவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதை அவர்தான் செய்ய வேண்டும், நீங்கள் இடையில் போகக் கூடாது. மகன் தனியாக இருக்கும்போது போய், “அன்னைக்கு உன்னைப் பத்தி அங்கே சொன்னது தப்பு. உன்கிட்டக் கேட்டிருக்கணும். இனிமே உன்னைக் கேட்காம எதையும் சொல்ல மாட்டேன்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ‘ஆனா நான் நல்லதுக்குத்தான்’ என்று தொடங்கவே கூடாது. ‘இந்த ஞாயிறு வருவியா’ என்று முடிக்கவும் கூடாது. மன்னிப்பின் வாலில் வேண்டுகோளைக் கட்டினால் பதினாலு வயதுப் பையன் அதை உடனே கண்டுபிடித்துவிடுவான். மேடையில் சொன்னதை மேடையிலேயே சரிசெய்கிறேன் என்று கிளம்பிவிடவும் வேண்டாம். மறந்துபோயிருக்கும் ஐம்பது பேருக்கு நினைவூட்டினது போலாகும்.

போதகர் பிள்ளையின் கஷ்டம் வெளியில் அவ்வளவாகத் தெரிவதில்லை. எல்லாருக்கும் அவனைத் தெரியும், அவனுக்கு யாரையும் தெரியாது. உங்கள் வீட்டில் அது இரண்டு மடங்கு: அங்கே போதகர் ஐயா மகன், இங்கே போதகர் அம்மா மகன். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பிரசங்கம் சபையிலிருக்கும் பள்ளித் தோழர்கள் வழியாக அங்கேயும் போயிருக்கும். அவனை இப்போதைக்கு விட்டுப்பிடியுங்கள். உங்களோடு வராவிட்டாலும் யாருக்கும் அவனைத் தெரியாத மூன்றாவது ஆலயத்துக்கு ஒரு நண்பனோடு போகிறேன் என்றால் போகட்டும். எங்கேயும் போகவில்லை என்றாலும் ஞாயிறு மதியச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். பாட்டியையும் பேசச் சொல்லாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றிய உதாரணத்துக்கு ஒரு பொது விதி வைத்துக்கொள்ளுங்கள்: கேட்காமல் சொல்லக் கூடாது, புகழ்ச்சியானாலும். மகளிடம் கேட்டால் ஒன்பது வயதில் எல்லாவற்றுக்கும் சரி என்பாள், அதனால் அவளை இன்னும் சில வருடம் பிரசங்கத்தில் கொண்டுவரவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் போடும் படத்துக்கும் இதே விதிதான். அந்த ஆண்டுக் கடிதத்துக்கும். மகனைப் பற்றிய வரியை அவனிடம் காட்டி, வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். கடிதத்தை அடித்து எழுத வேண்டாம், அப்படியே அனுப்புங்கள். உங்களை நேசிக்கிறவர்களுக்கு அதைப் படித்தாலே நிலைமை புரியும். அவர்களில் இரண்டு பேராவது தொலைபேசியில் அழைப்பார்கள்.

வேதாகமத்தில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை நிர்வாகப் பகிர்வுக்கு எடுத்துக்காட்டாக எத்தனை முறை பிரசங்கித்திருப்பீர்கள்! காலை முதல் மாலை வரை தனியாளாக வழக்குத் தீர்த்த மோசேயை மாமனார் எத்திரோ கண்டித்து, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்ன பகுதி. அந்த அதிகாரத்தின் தொடக்கத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். மோசே திருப்பி அனுப்பியிருந்த மனைவி சிப்போராளையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டுதான் எத்திரோ பாளயத்துக்கு வருகிறார். வந்த மறுநாளே மருமகன் வழக்கு விசாரிக்க உட்கார்ந்துவிட்டார். மாமனார் வாய் திறந்தது நிர்வாகக் கவலையால் மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். ஒரு அப்பாவின் எரிச்சலும் அதில் இருந்திருக்கும்.

உங்களுக்கும் ஆயிரம், நூறு எல்லாம் வேண்டாம், பத்துப் பேருக்கு ஒருவர் போதும். பக்கத்துச் சபைப் போதகர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஓய்வு நாள் அவசரத்துக்கு முறை வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு உங்களுக்காக அவர், நாளைக்கு அவருக்காக நீங்கள். வீடு சந்திப்பில் பாதியை மூப்பர்களும் பெண்கள் சங்கத்தாரும் எடுத்துக்கொள்வார்கள், கேட்கத்தான் வேண்டும். போதகர் வந்தால்தான் வந்த மாதிரி என்று முணுமுணுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் சந்திப்புக்கு நீங்கள் மூப்பரோடு சேர்ந்து போங்கள், இரண்டாவதுக்கு அவரை மட்டும் அனுப்புங்கள்.

கமிட்டிக்கு இதைச் சொல்லும் விதமும் முக்கியம். ‘நாங்கள் ரொம்பக் களைத்துப்போனோம், குடும்பத்துக்கு நேரம் வேண்டும்’ என்று ஆரம்பித்தால் அது விவாதப் பொருளாகிவிடும். ஒருவர் அனுதாபப்படுவார், ஒருவர் முன்பிருந்த போதகர் எப்படி உழைத்தார் என்று கதை சொல்வார், கூட்டம் முடிவில் உங்கள் குடும்பம் ஊர்ப் பேச்சாகும். ஜனவரியிலேயே ஆண்டு அட்டவணையைத் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். இந்தத் தேதிகளில் போதகர் இருக்க மாட்டார், அவசரத்துக்கு இன்னாரை அழைக்கவும், அவருடைய எண் இது. காரணம் எழுத வேண்டாம். ஆறு மாதம் முன்பே அச்சில் வந்துவிட்ட விடுப்பை யாரும் பெரிதாக எதிர்ப்பதில்லை; முந்தின நாள் கேட்கும் விடுப்புக்குத்தான் முகம் சுளிப்பார்கள். இரண்டு கமிட்டிக்கும் ஒரே வாரத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சபை மற்ற சபையைக் காட்டிப் பேசும்.

உங்கள் சபையின் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? முன் அறையைத் திறந்து உங்கள் அலுவலகமாக்குங்கள். வாரத்தில் இன்ன நாள், இன்ன நேரம் அங்கே இருப்பேன் என்று சொல்லிவிட்டால் உங்களைத் தேடி வருகிறவர்கள் அங்கே வருவார்கள். குடியிருக்கும் வீட்டில் உங்கள் கணவரைத் தேடி வருகிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களுக்கும் முன் அறையோடு ஒரு கதவு இருக்கட்டும். அதற்கு அப்பால் சமையலறை வரை வருவது உறவினர் மட்டும். வருகிறவர்களை இப்போது யார் உட்கார வைத்துப் பேசுகிறார்கள்? அநேகமாக உங்கள் மாமியார். சம்பளம் இல்லாத வரவேற்பாளராக அவர் எத்தனை மணி நேரம் இருக்கிறார், அது அவருக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். பிடித்திருக்கிறது என்றும் சொல்லலாம். ஆனால் மதியம் தூங்கும் நேரத்தில் அழைப்பு மணியை அணைத்துவையுங்கள்.

வீடு என்றதும் ஒன்று. குருமனை உங்களுடையதில்லை. இது தெரிந்த விஷயம்தான், ஆனால் தெரிந்தும் பல போதகர்கள் ஐம்பத்தைந்து வயதில்தான் அதை உணர்கிறார்கள். திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் மனைவி கத்தரீனா வான் போரா, ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் அவர்கள் குடியிருந்த பெரிய மடாலய வீட்டை மாணவர்கள், விருந்தாளிகள், ஆறு பிள்ளைகள், தோட்டம், பண்ணை என்று நடத்தியவர். எல்லாம் மனைவிக்கே என்று லூத்தர் 1542-இல் உயில் எழுதி வைத்தார். 1546-இல் அவர் இறந்ததும், அன்றைய சட்டம் அதை அப்படியே ஏற்கவில்லை. அந்த அம்மா கடைசி வருடங்களைக் கஷ்டத்தில் கழித்து 1552-இல் இறந்தார். உங்கள் நிலை அதைவிட நல்லது. இரண்டு சம்பளம் வருகிறது. அதில் ஒரு பங்கு, சிறியதானாலும், ஓய்வுக்குப் பின் தலைக்கு மேல் ஒரு கூரைக்காக இருவர் பெயரிலும் போக வேண்டும். உயிலும் எழுதி வையுங்கள். இதை ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி டைரிக் கூட்டத்திலேயே பார்த்துவிடலாம். அடுத்த இடமாற்றம் எப்போது வரக்கூடும், இருவருக்கும் அருகருகே கேட்டுப் பெற முடியுமா, மகனின் பொதுத்தேர்வு வருடத்தில் வந்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசுங்கள். பேராயரிடம் கேட்பதானால் பட்டியல் வெளிவருவதற்கு முன் கேட்பதுதான் கேட்பது.

கடைசியாக, உங்கள் இருவருக்கும் போதகர் யார்? நீங்கள் அவருக்கும் அவர் உங்களுக்கும் என்று சொல்லாதீர்கள். மனைவியிடம் மனைவியைப் பற்றிப் புலம்ப முடியாது. பேராயரும் வேண்டாம், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இடமாற்றம் அவர் கையில் இருக்கிறது, உங்கள் வாய் தானாகவே எச்சரிக்கையாகிவிடும். உங்கள் சபைப் பிரிவுக்கு வெளியே, ஓய்வுபெற்ற போதகர் ஒருவரையோ முறையாகப் பயிற்சி பெற்ற குடும்ப ஆலோசகர் ஒருவரையோ தேடி, மாதம் ஒருமுறை போய்ப் பேசுங்கள். முடிந்தால் இருவரும். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் போங்கள், அவர் மூன்றாவது மாதம் வரலாம். தூக்கம் வராமை, காரணமில்லாமல் அழுகை, சாப்பாட்டில் விருப்பமின்மை, பிரசங்க மேடையில் ஏறும்போதே வெறுப்பு, இருந்து என்ன பயன் என்ற எண்ணம், இவை இருவரில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆலோசகருக்குக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் வந்தால் அன்றைக்கே. இந்தச் செலவை மட்டும் சபைக் கணக்கில் எழுதாமல் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். ரசீது கமிட்டிக்குப் போனால் விஷயமும் கூடவே போகும்.